சாட்டையைத் தேடாதீர்கள், நீச்சலைப் பாருங்கள்: குட்டைத் தண்ணீரில் யூக்ளினாவைக் காண முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடத்தில் யூக்ளினா என்னும் ஒரே செல் உயிரியின் படத்தை வரையாதவர்கள் குறைவு. நூல் சுற்றும் கதிர் மாதிரி உடம்பு, உள்ளே பச்சை மணிகள், ஒரு சிவப்புப் புள்ளி, முன்முனையில் நீளமாக ஒரு கசையிழை, அதாவது நீந்த உதவும் சாட்டை. உடம்பின் கோட்டை எந்தப் பென்சிலால் வரைந்தோமோ அதே தடிமனில் கசையிழையையும் வரைந்து, அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதி, ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்போம்.

அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் கண்ணை வைப்பவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள். பல வருடமாகப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் குட்டைத் தண்ணீர் காட்டி வருகிறேன். பத்தில் எட்டுப் பேர் முதலில் கேட்பது, "வாலைக் காணோமே?" என்பதுதான். காணாதது அவர்கள் கண்ணின் குற்றம் இல்லை. நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் தடிமன் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). கசையிழையின் தடிமன் 0.25 மைக்ரான்தான். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்டக்கூடிய எல்லையே 0.2 மைக்ரான் அளவில் இருக்கிறது. அந்த எல்லையை ஒட்டிய ஒரு நூல், அதுவும் நொடிக்குப் பல தடவை துடிக்கும் நூல், முதல் பார்வையில் எப்படித் தெரியும்?

அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகிறது. முதலில் நீச்சல், அப்புறம் உடம்பு, கடைசியில்தான் சாட்டை. இந்த வரிசையில் போனால் யாரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

தேவையானவை

மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண நுண்ணோக்கி போதும். 4, 10, 40 என்று மூன்று பொருளருகு லென்ஸ், 10 மடங்கு கண்ணருகு லென்ஸ், மேடைக்குக் கீழே ஒளியைக் கூட்டிக் குறைக்க ஒரு கதவு. இந்தக் கதவு இல்லாத மலிவான பொம்மை நுண்ணோக்கியை மட்டும் வாங்க வேண்டாம். 1000 மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் மங்கலைத்தான் பெரிதாக்கிக் காட்டும். வசதி இல்லாதவர்கள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபல்ஸ்கியும் உருவாக்கி 2014-இல் வெளியுலகுக்குக் காட்டிய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பில் தொடங்கலாம். 140 மடங்கு பெரிதாக்கும். நீச்சலைப் பார்க்க அது தாராளம்.

மற்றவை: ஸ்லைடு, கவர் ஸ்லிப், சொட்டு மருந்து பாட்டிலின் ரப்பர் வைத்த டிராப்பர், அகன்ற வாய் கண்ணாடி பாட்டில் இரண்டு, கறுப்புச் சார்ட் தாள், கொஞ்சம் பஞ்சு, மருந்துக்கடை டிங்சர் அயோடின், ஒரு நோட்டு.

எந்தத் தண்ணீரில் தேடுவது

தெளிந்த ஆற்றுத் தண்ணீரில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். யூக்ளினாவுக்குப் பிடித்தது கொஞ்சம் அழுக்கான, வெயில் படும், தேங்கிய தண்ணீர். மாடு குளிப்பாட்டும் குட்டை, சாணம் கலந்து ஓடும் வாய்க்காலின் ஓரம், வயலோரப் பள்ளம், பல நாளாகக் கழுவாத மாட்டுத் தொட்டி. நீரின் மாசைத் தாங்கி வளரும் பாசிப் பேரினங்களை பால்மர் என்பவர் 1969-இல் வரிசைப்படுத்தியபோது முதலிடத்தில் வைத்தது யூக்ளினாவைத்தான். நம் பக்கத்தில் மழைக்காலம் முடிந்து, குட்டைகள் வற்றத் தொடங்கி, தண்ணீர் கெட்டியாகும் தை மாதம் முதல் பங்குனி வரை நல்ல அறுவடைக் காலம்.

பச்சையாக இருப்பதெல்லாம் யூக்ளினா ஆகிவிடாது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். குச்சியை விட்டுத் தூக்கினால் தலைமுடி மாதிரி நூல்நூலாக வழிந்தால் அது ஸ்பைரோகைரா வகை நூற்பாசி. குட்டி குட்டி இலையாக மிதந்தால் பாசி அல்ல, நீர்ச்செடி. பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல, உற்றுப் பார்த்தால் ரவை ரவையாகத் துகள்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சை நுண்ணுயிர். கோவில் குளங்களில் அடிக்கடி காண்பது இதைத்தான். நஞ்சு சுரக்கக்கூடியது, கையை விடாதீர்கள். நமக்கு வேண்டியது மாவு தூவினாற்போல மேலே படிந்திருக்கும் மெல்லிய பச்சை ஆடை. குச்சியால் தொட்டால் துண்டு துண்டாக விலகும், சற்று நேரத்தில் மறுபடி கூடும்.

இன்னொரு அடையாளம் இருக்கிறது. கண்ணுக்கு மிக அழகானது. காலையில் பச்சையாக இருந்த ஆடை உச்சிவெயிலில் செங்கல் சிவப்பாகி, பொழுது சாயும்போது மறுபடி பச்சைக்குத் திரும்பினால் அங்கே இருப்பது யூக்ளினா சாங்குனியா. வெயில் கடுமையாகும்போது உடம்புக்குள் இருக்கும் சிவப்பு நிறமித் துகள்களை மேல்தோலுக்குக் கொண்டுவந்து, பச்சையத்துக்குக் குடை பிடித்துக்கொள்கிறது. வெயில் தணிந்ததும் துகள்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் இதைச் செய்வதால் குளமே நிறம் மாறுகிறது. இதுவும் மீன்களுக்கு ஆகாத நஞ்சைச் சுரக்கக்கூடிய இனம்தான்.

தண்ணீர் எடுப்பது

காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போங்கள். பாட்டிலை முக்காமல், ஆடை படிந்த இடத்தில் டிராப்பரின் நுனியை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். பத்துப் பதினைந்து டிராப்பர் போதும். அதே குட்டைத் தண்ணீரைப் பாட்டிலில் பாதிக்கு ஊற்றி அதில் இதை விடுங்கள். மூடியை இறுக்காதீர்கள். பையில் போட்டு வெயிலில் தொங்கவிடவும் வேண்டாம். ஒருமுறை அடர்த்தியான மாதிரி ஒன்றை மூடி போட்டு வண்டியின் பெட்டிக்குள் மதியம் வரை வைத்துவிட்டேன். வீட்டில் திறந்தபோது பாட்டில் சூடாக இருந்தது. அடியில் பழுப்பாக ஒரு வண்டல், மேலே தெளிந்த தண்ணீர். ஒன்றுகூட நீந்தவில்லை. அன்றிலிருந்து ஈரத்துணி சுற்றித்தான் கொண்டுவருகிறேன்.

ஒரு எச்சரிக்கையை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வைத்தால் படிக்காமல் போய்விடுவீர்கள். குட்டைக்குள் இறங்காதீர்கள், அந்தத் தண்ணீர் மூக்கில் ஏறக்கூடாது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா வாழ்கிறது. மூக்கு வழியாக மூளைக்குப் போனால் பிழைப்பது அரிது. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் உயிர்களைப் பறித்தவற்றில் இதுவும் உண்டு. இதுவும் தேவைப்பட்டால் இரண்டு சாட்டைகளை முளைக்கவைத்து நீந்தக்கூடிய உயிரி. கையில் புண் இருந்தால் கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால் தண்ணீர் எடுப்பது பெரியவர்கள் வேலையாக இருக்கட்டும்.

ஒளியை வைத்து ஓரிடத்தில் கூட்டுவது

பாட்டிலில் ஆயிரம் குப்பை இருக்கும். அதில் நமக்கு வேண்டியதை மட்டும் பிரிக்க வடிகட்டி எதுவும் வேண்டாம். அவையே பிரிந்து வரும்.

பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாளை ஒட்டுங்கள். மேல்பக்கத்தையும் மூடுங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தாளில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை ஜன்னலைப் பார்க்கும்படி வையுங்கள். நேர்வெயில் கூடாது, வெளிச்சம் போதும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மெதுவாக உருவிப் பாருங்கள். கண்ணாடியில் ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் பச்சையாக ஒரு வட்டம் இருக்கும். மைக்ரோசிஸ்டிஸ் என்றால் இப்படி வராது. அது தனக்குள் இருக்கும் காற்றறைகளால் மேலே மிதந்து, ஆடையாகவே நிற்கும்.

இந்தப் பச்சை வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். மூளை இல்லை, நரம்பு இல்லை, கண்கூட இல்லை. எப்படி வந்தது? யூக்ளினாவின் சிவப்புக் கண்புள்ளி உண்மையில் பார்ப்பதில்லை, அது ஒரு திரை. ஒளியை உணரும் பகுதி கசையிழையின் அடியில் சிறு வீக்கமாக இருக்கிறது. யூக்ளினா தன்னைத்தானே சுற்றிக்கொண்டுதான் நீந்தும். பக்கவாட்டில் ஒளி வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கண்புள்ளியின் நிழல் அந்த வீக்கத்தின் மேல் விழும். நிழல் விழ விழ, சாட்டை அடிக்கும் முறையை மாற்றித் திசை திரும்பும். நிழல் வந்துபோவது நின்றால் நேராகப் போகிறது என்று பொருள். அந்த வீக்கத்தில் ஒளியை உணரும் புரதம் எது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல்தான் கண்டுபிடித்தார்கள். ஒளி பட்டதும் செல்லுக்குள் வேதிச் சைகை ஒன்றை உண்டாக்கும் நொதி அது.

ஸ்லைடு போடுவது

பச்சை வட்டத்திலிருந்து டிராப்பரால் ஒரு சிறு சொட்டு. பெரிய சொட்டு வைத்தால் கவர் ஸ்லிப் மிதக்கும், உயிரிகள் ஆழத்தில் மேலும் கீழும் போய் ஃபோகஸில் நிற்காது. சொட்டின் ஓரத்தில் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து வைத்து மெல்ல இறக்குங்கள், காற்றுக்குமிழ் வராது. அதற்கு முன் பஞ்சிலிருந்து நாலைந்து இழைகளை உருவிச் சொட்டுக்குள் போட்டுவிடுங்கள். அவை வேலி மாதிரி. நீந்துகிறவை அந்தச் சந்துகளில் மாட்டிக்கொண்டு நமக்குப் பார்க்க அவகாசம் தரும்.

100 மடங்கில்: நீச்சலைப் படித்தல்

10 லென்ஸில் வைத்து, கீழேயுள்ள ஒளிக்கதவைப் பாதிக்கு மேல் மூடுங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் வெளிச்சத்தை முழுக்கத் திறந்துவிடுகிறார்கள். நிறமில்லாத உயிரிகள் அந்த வெள்ளத்தில் கரைந்துபோகும். மங்கலாக்கினால்தான் விளிம்பு தெரியும்.

இப்போது வாலைத் தேடாமல் ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். தெருமுனையில் நின்று, தூரத்தில் வருபவர் யார் என்று நடையை வைத்தே சொல்வோம் இல்லையா? அதேதான்.

பச்சைக் கதிர் ஒன்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, முன்முனையால் சிறு வட்டம் போட்டபடி, திருகாணி இறங்குவதுபோல வழுக்கிப் போனால் அது யூக்ளினா. நடுவில் திடீரென்று நின்று, உடம்பு ஒருபக்கம் உப்பி, அந்த உப்பல் முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்து, பேரிக்காய் மாதிரியும் பம்பரம் மாதிரியும் மாறினால் சந்தேகமே வேண்டாம். அதன் மேல்தோல் ஒன்றோடொன்று நழுவக்கூடிய புரதப் பட்டைகளால் ஆனது. அதனால்தான் இவ்வளவு நெளிவு.

அரச இலை மாதிரித் தட்டையாக, வால்முனை கூராக, நெளியாமல் விறைப்பாகப் புரண்டு புரண்டு போனால் ஃபேகஸ். யூக்ளினாவின் நெருங்கிய உறவு. பழுப்பு நிறத்தில் உருண்டையாக ஒரு மண்பானை ஓடினால் அது டிரக்கிலோமோனாஸ். உண்மையிலேயே பானைதான். தன்னைச் சுற்றி இரும்புச்சத்து ஏறிய ஓட்டைக் கட்டிக்கொண்டு, பானையின் கழுத்து வழியாகச் சாட்டையை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். என் மனதுக்கு மிகப் பிடித்தது இது.

இவற்றைவிடச் சிறிதாக, 10 மைக்ரான் அளவில், பச்சை உருண்டையாக, லேசாக முன்னும் பின்னும் ஆடி ஆடிப் போவது கிளமிடோமோனாஸ். ஆட்டத்துக்குக் காரணம், அதற்கு இரண்டு சாட்டைகள். இரண்டையும் விரித்து ஒரே நேரத்தில் பின்னோக்கி வலிக்கும், பிறகு மடக்கிக்கொண்டு முன்னே கொண்டுவரும். நொடிக்கு ஐம்பது முறை அளவில் இது நடக்கிறது. கிணற்றில் தவளை நீச்சல் போட்டவர்களுக்கு இது உடனே புரியும்.

ஆனால் நாம் கிணற்றில் நீந்துவதற்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு. நாம் கையை நிறுத்தினாலும் உடம்பு கொஞ்சதூரம் போகும். இவ்வளவு சிறிய உயிருக்குத் தண்ணீர் தேன்பாகு மாதிரி. சாட்டை நின்ற கணமே உடம்பும் நின்றுவிடும். போன வழியே திரும்பி வரும் அசைவால், எத்தனை தடவை அசைத்தாலும், ஓர் அடிகூட நகர முடியாது என்று நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977-இல் விளக்கினார். அதனால்தான் விரித்து வலித்தல், மடக்கி மீட்டல் என்று இரண்டு வேறு அசைவுகள். ஸ்லைடில் யூக்ளினா சட்டென்று நிற்பதைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் வால்வாக்ஸ் கிடைக்கும். பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெறுங்கண்ணுக்கே பச்சைக் குண்டூசித் தலை மாதிரி உருண்டு உருண்டு வருவது தெரியும். நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் செல்கள் ஒரு பந்தின் மேற்பரப்பில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் இரண்டு சாட்டைகளை வெளியே நீட்டி, எல்லாம் சேர்ந்து பந்தை உருட்டுகின்றன. இதை ஸ்லைடில் போடும்போது கவர் ஸ்லிப் நசுக்கிவிடும். குழிவிழுந்த ஸ்லைடில் பாருங்கள், அல்லது கவர் ஸ்லிப்பின் நாலு மூலையிலும் துளி வாஸலின் வைத்து உயர்த்துங்கள். இந்தக் குடும்பத்தைப் படித்தவர்களில் உலகம் மதிக்கும் ஒருவர் சென்னைக்காரர். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை நடத்திய எம். ஓ. பி. அய்யங்கார், தென்னிந்தியக் குளம் குட்டைகளில் கிடைத்த வால்வாக்ஸ் குடும்பத்துக் கூட்டுயிர்களைப் பற்றி 1933-இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் பார்க்கப்படுவது. நாம் தேடுவது அவர் தேடிய மாதிரித் தண்ணீரில்தான்.

400 மடங்கில்: உடம்பு

மாட்டிக்கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்து 40 லென்ஸுக்கு மாறுங்கள். பெரிய குமிழைத் தொடாமல் சிறு குமிழால் மட்டும் ஃபோகஸ் செய்யுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் கவர் ஸ்லிப்பை உடைக்கும்.

முதலில் அளவு. கண்ணருகு லென்ஸில் 10 என்பதோடு 18 என்றும் பொறித்திருந்தால், 18-ஐ 40-ஆல் வகுங்கள்: தெரிகிற வட்டத்தின் குறுக்களவு 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரான். வட்டத்தின் குறுக்கே ஒன்பது யூக்ளினாக்களை வரிசையாகப் படுக்கவைக்கலாம் என்று தோன்றினால் அதன் நீளம் 50 மைக்ரான். ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் யூக்ளினா கிராசிலிஸ் இந்த அளவில்தான் இருக்கும்.

முன்முனையில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று தெரியும். இந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் ஜெர்மானிய இயற்கையாளர் ஏரன்பெர்க் 1830-இல் யூக்ளினா என்று பெயர் வைத்தார், கிரேக்க மொழியில் நல்ல கண் என்று பொருள். அதன் அருகே தெளிந்த ஒரு குமிழ் மெல்ல உப்பி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை போலச் சட்டென்று காணாமல் போகும், மறுபடி தோன்றும். அதுதான் சுருங்கு நுண்குமிழ். உள்ளே ஊறிவரும் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. இறைப்பது நின்றால் செல் ஊதி வெடித்துவிடும்.

பச்சை மணிகளுக்கிடையே நிறமில்லாமல் மின்னும் குச்சி அல்லது மோதிரம் போன்ற துணுக்குகள் பாராமைலம், அதன் சேமிப்புக் கிடங்கு. இதைப் பிறகு அயோடினில் சோதிப்போம்.

பச்சை இல்லாத ஒன்று நேர்கோட்டில் ஊர்ந்து வந்தால் விட்டுவிடாதீர்கள். பெரனீமா. அதன் சாட்டை தடித்தது, முன்னால் குச்சி மாதிரி நேராக நீண்டு, நுனி மட்டும் துடிக்கும். முதல் நாளே சாட்டையைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் இதைத் தேடலாம். ஒரு மாலை, பஞ்சிழையில் சாய்ந்து கிடந்த யூக்ளினா ஒன்றைப் பெரனீமா நுனியால் தட்டித் தட்டிப் பார்த்ததை நான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டியது, ஒதுங்கியது, திரும்பி வந்து முன்முனையை அதன் பக்கவாட்டில் வைத்து அழுத்தியது. வாய் இருப்பதாகவே தெரியாத இடத்தில் வாய் விரிந்தது. பாம்பு தவளையை விழுங்குவதுபோலப் பச்சை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. கண்ணாடி போன்ற அந்த உடம்புக்குள் யூக்ளினாவின் சிவப்புக் கண்புள்ளி ரொம்ப நேரம் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

கடைசியாக, சாட்டை

இப்போது கண் பழகியிருக்கும். மூன்று வழிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது இருள்புலம். மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் ஒளிக்குவிப்பியின் அடியில் வடிகட்டி வைக்கும் வளையம் இருக்கும். தெளிந்த பிளாஸ்டிக் தாளை அந்த அளவுக்கு வெட்டி, நடுவில் கறுப்புத் தாள் வட்டம் ஒன்றை ஒட்டி உள்ளே வையுங்கள். ஒளிக்கதவை முழுக்கத் திறங்கள், விளக்கைக் கூட்டுங்கள். நேர் ஒளி தடைபட்டு, பக்கவாட்டு ஒளி மட்டும் வரும். பின்னணி இருண்டு, உயிரிகள் மட்டும் இரவு வானத்தில் விமானம் போல ஒளிரும். வட்டத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், சரியான அளவு ஒவ்வொரு நுண்ணோக்கிக்கும் வேறு. 10 லென்ஸில் அருமையாக வரும். 40-இல் வட்டத்தைப் பெரிதாக்கினால் ஓரளவு வரும். அந்தக் கறுப்பில், யூக்ளினாவின் முன்னால் வெள்ளியாக ஓர் அலை மின்னி மின்னி மறைவதைக் காண்பீர்கள். வால் என்று சொல்கிறோமே தவிர அது இருப்பது முன்னால்தான். முன்முனையிலிருந்து கிளம்பி, பின்பக்கம் மடங்கி, உடம்பின் ஓரமாக அலையடித்து, செல்லை முன்னோக்கி இழுத்துச் செல்கிறது. சாட்டை உண்மையில் இரண்டு, ஒன்று குட்டையாக உள்ளேயே நின்றுவிடும்.

இரண்டாவது, வேகத்தைக் குறைப்பது. ஆய்வகங்களில் மெத்தில் செல்லுலோஸ் கரைசல் வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் சீமைமாதுளை விதையை ஊறவைத்த கொழகொழப்பைப் பயன்படுத்தினார்கள். நான் ஜிகர்தண்டாவுக்கும் பலூடாவுக்கும் போடும் சப்ஜா விதையைக் கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறவைத்து, அந்தக் கொழகொழப்பில் ஒரு துளி எடுத்து, மாதிரித் தண்ணீர் ஒரு துளியோடு பல்குத்தும் குச்சியால் கலக்கிவிடுவேன். சாட்டை அடிப்பது தளர்ந்து, அலை அடியிலிருந்து நுனிக்கு ஓடுவது கண்ணுக்குப் பிடிபடும்.

மூன்றாவது அயோடின். இது கொன்றுவிடும், அதனால் கடைசியில் செய்யுங்கள். டிங்சரைத் தண்ணீரில் கலந்து தேநீர் நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு துளி, எதிர் ஓரத்தில் உறிஞ்சும் தாள். அயோடின் உள்ளே ஓடும்போது நீச்சல் ஒவ்வொன்றாக நிற்கும். நின்றவற்றின் முன்னால், பழுப்பு நிறத்தில், பாடநூல் படத்தில் வரைந்த அதே இழை. இதோடு இன்னொரு சோதனையும் முடிந்துவிடும். கிளமிடோமோனாஸ் மாவுச்சத்தைச் சேர்த்து வைப்பது, அது கருநீலமாகும். யூக்ளினாவின் பாராமைலம் நிறம் மாறாது.

இந்த இழைக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒளி நுண்ணோக்கி காட்டாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது: நடுவில் இரண்டு குழல்கள், சுற்றி ஒன்பது இரட்டைக் குழல்கள். பக்கத்துக் குழலைப் பிடித்து இழுக்கும் மோட்டார் புரதத்துக்கு இயன் கிப்பன்ஸ் 1965-இல் டைனீன் என்று பெயரிட்டார். நம் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் மயிரிழைகளும் விந்தணுவின் வாலும் இதே ஒன்பதும் இரண்டும்தான். பாக்டீரியாவின் கசையிழை வேறு சாதி, அடியில் சுழலும் மோட்டாரால் திருகு போலச் சுற்றுவது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கிளமிடோமோனாஸின் இரண்டு சாட்டைகளில் ஒன்றை மட்டும் வெட்டினால் என்ன ஆகும் என்று ரோசன்பாம் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 1969-இல் காட்டினார்கள். வெட்டுப்பட்டது வளரத் தொடங்கும்போது, முழுசாக இருப்பது குட்டையாகும். இரண்டும் ஒரே நீளத்துக்கு வந்ததும் சேர்ந்து வளர்ந்து பழைய நீளத்தை எட்டும். சாட்டைக்குள் சரக்கு ஏற்றி இறக்கும் போக்குவரத்து ஒன்று நடப்பது 1993-இல் இதே பாசியில் தெரியவந்தது. அந்தப் போக்குவரத்துக்கான ஒரு மரபணு பழுதானால் எலியின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வருகின்றன என்பது 2000-இல் தெரிந்தது. குட்டைப் பாசியில் தொடங்கிய தேடல் சிறுநீரக நோய் வரைக்கும் போயிருக்கிறது.

வீட்டிலேயே வளர்ப்பது

ஒரு லிட்டர் மழைநீர் அல்லது ஒருநாள் திறந்துவைத்துக் குளோரின் போன குழாய்த் தண்ணீர். அதில் நாற்பது கோதுமை மணிகளைப் போட்டுக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். மறுநாள், ஒளிவட்டத்திலிருந்து எடுத்த பச்சைத் துளிகளை விடுங்கள். ஜன்னலோரம், நேர்வெயில் படாத இடம். வாயை மெல்லிய துணியால் மூடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தண்ணீர் பச்சை ஏறும். நாற்றமடித்து வெண்மையாகக் கலங்கினால் பாக்டீரியா மிஞ்சிவிட்டது, கோதுமையைப் பாதியாகக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். மாதம் ஒருமுறை புதுப் பாட்டிலுக்குக் கொஞ்சம் மாற்றினால் ஆண்டுக்கணக்கில் ஓடும். மிஞ்சியதைத் தோட்டத்து மண்ணில் ஊற்றுங்கள், இன்னொரு குளத்தில் ஊற்ற வேண்டாம்.

குட்டைக்கு வெளியே

கரையானின் வயிற்றிலும் சாட்டையுயிரிகள் இருக்கின்றன, ஒரே செல்லில் ஆயிரக்கணக்கான சாட்டைகளோடு. ஆனால் புற்றைக் கிளறாதீர்கள். நம் ஊரில் புற்றுக் கட்டும் கரையான்கள் உள்ளே காளான் வளர்த்துப் பிழைப்பவை, அவற்றின் வயிற்றில் இவை இல்லை. பழைய ஜன்னல் கட்டையைத் தின்னும் மரக்கரையானில்தான் தேட வேண்டும்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு வேறொரு விருந்து. 2019 ஆகஸ்டில் பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்ததே, அது நாக்டிலூக்கா. ஒரே செல்தான், ஆனால் ஒரு மில்லிமீட்டர் வரைகூட வளரும், 4 லென்ஸிலேயே தெரியும். சாட்டை இருக்கிறது, நீந்த மட்டும் வராது, அலை போன போக்கில் போகும்.

நோயைத் தரும் சாட்டையுயிரிகளை வீட்டில் தேட வேண்டாம். இரத்தம், மலம் எதுவும் ஸ்லைடில் வேண்டாம். அதற்குப் பயிற்சியும் பாதுகாப்பும் வேண்டும். காலா அசார் காய்ச்சலின் உயிரியை மருத்துவர் சார்லஸ் டோனவன் 1903-இல் கண்டது சென்னைப் பொது மருத்துவமனையில்தான். மனித உடம்புக்குள் அது உருண்டையாக, வெளியே சாட்டை இல்லாமல் இருக்கும். மணல் ஈயின் குடலுக்குப் போனதும்தான் சாட்டையை நீட்டும்.

நோட்டு எழுதுவது

படம் வரையுங்கள், போனில் வீடியோ எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். வரையும்போதுதான் கண் நின்று பார்க்கும். தேதி, நேரம், இடம், தண்ணீரின் நிறம், வெயிலா மேகமா, என்ன லென்ஸ், எப்படி நீந்தியது. 1674-இல் நெதர்லாந்தில், தானே லென்ஸ் செய்து நுண்ணுயிர்களைப் பார்த்த லேவன்ஹூக், டெல்ஃப்ட் ஊருக்கு அருகே ஓர் ஏரித் தண்ணீரை எடுத்துப் பார்த்து, நடுவில் பச்சையும் முன்னும் பின்னும் வெண்மையுமாகச் சில சிற்றுயிர்கள் நீந்தின என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அது யூக்ளினாவாக இருக்கலாம் என்று இன்று நம்மால் சொல்ல முடிவது, அவர் நிறத்தையும் நீந்திய விதத்தையும் எழுதிவைத்ததால்தான்.

என் நோட்டின் கடைசிப் பக்கம் இப்படி இருக்கிறது: "காலை 8.20. ஊருணி, கிழக்குப் படி. வெயில். மேலே பச்சை ஆடை, ஓரத்தில் லேசான சிவப்பு. 10 லென்ஸ், இருள்புலம். யூக்ளினா நிறைய. ஒன்று நகராமல் உருண்டையாக நிற்கிறது, முன்முனை பிளக்கத் தொடங்கியிருக்கிறது, கண்புள்ளி இரண்டு. இரண்டு சாட்டைகளும் தனித்தனியாக அடிக்கின்றன. 9.05-க்கு இன்னும் பிரியவில்லை. ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், காய்ந்துவிடாமல்."